மீன் கேட்டால் கேள்வி கேட்கும் கடை

டர்பனுக்குத் தென்மேற்கே சாட்ஸ்வொர்த்தில், முடிதிருத்தகத்துக்கும் மசாலாக் கடைக்கும் நடுவே இருக்கிறது இந்தச் சிறிய வண்ணமீன் கடை. மீன் வேண்டுமென்று கேட்பவரிடம் கடைக்காரர் முதலில் தொட்டியின் நீளம், அகலம், உயரம், அதை அமைத்து எத்தனை வாரமாயிற்று, ஏற்கெனவே என்னென்ன மீன்கள் இருக்கின்றன என்று வரிசையாகக் கேட்பார். பதில் தெரியாதவருக்கு அன்று மீன் கிடைக்காது. "காசு கொடுக்க வந்தவனைத் திருப்பி அனுப்புகிறாரே" என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. செடி வைத்த நன்னீர்த் தொட்டியில் பலவகை மீன்களைச் சேர்த்து வளர்க்க நினைப்பவர்களுக்கு நான் இக்கடையைப் பரிந்துரைப்பதற்கு முதற்காரணமே அந்தப் பிடிவாதம்தான்.

கல்லாவுக்குப் பின்னால் சுவரில் மீன் வடிவில் வெட்டிய அட்டைகள் தொங்குகின்றன. ஒவ்வொன்றும் அந்தந்த மீன் முழு வளர்ச்சியில் எட்டும் அளவு. பாசி தின்னும் என்று சொல்லி எங்கும் விற்கப்படும் சாதாரண பிளெக்கோவைக் கேட்டு ஒரு பெண்மணி மகனோடு வந்திருந்தார். விற்பனைத் தொட்டியில் இருந்தது விரல் நீளக் குஞ்சு. கடைக்காரர் சுவரிலிருந்து நாற்பது சென்டிமீட்டர் அட்டையை எடுத்து, முப்பது சென்டிமீட்டர் அகலமுள்ள இரண்டடித் தொட்டியின் மேல் குறுக்கே வைத்தார். அட்டையின் வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. "இது எப்படித் திரும்பும், சொல்லு தம்பி?" என்று பையனிடம்தான் கேட்டார். அம்மாவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

ஒரு கேலனுக்கு ஓர் அங்குலம் மீன் என்ற பழைய கணக்கை இவர் ஏற்பதில்லை, அதற்கு நியாயமும் உண்டு. ஒரே உடல்வாகுள்ள இரண்டு மீன்களில் ஒன்று மற்றதைவிட இரு மடங்கு நீளமாக இருந்தால், அதன் எடை ஏறத்தாழ எட்டு மடங்காக இருக்கும். உணவும் கழிவும் நீளத்தைப் பொறுத்து ஏறுவதில்லை, உடற்பருமனைப் பொறுத்தே ஏறுகின்றன. மேலும் 60×30×30 சென்டிமீட்டர் தொட்டி கணக்கில் 54 லிட்டர் என்றாலும், மணல், கல், மரக்கட்டை, மேல்விளிம்பில் விடும் இடைவெளி ஆகியவற்றைக் கழித்தால் 45 லிட்டர் அளவுக்கே தண்ணீர் நிற்கும். அத்தகைய தொட்டிக்கு அவர் எழுதித் தரும் பட்டியல் பத்து நியான் டெட்ரா, அடித்தளத்தில் மேய ஆறு சிறுவகைக் கோரிடோரஸ், அவ்வளவே. இரண்டும் கூட்டமாக வாழ்பவை. வகைக்கு இரண்டாக ஆறு வகை வாங்குவதைவிட இரண்டே வகையை நிறைவாக வைப்பது மீனுக்கும் நல்லது, பார்க்கவும் அழகு. கப்பி கேட்பவருக்கு ஆண் மீன்களை மட்டுமே தருகிறார். பெண் கப்பி நான்கு வாரங்களுக்கு ஒருமுறை குஞ்சு ஈனக்கூடியது. ஒருமுறை சேர்ந்தபின் பல மாதங்களுக்கு ஆண் துணையே அதற்குத் தேவையில்லை.

"செடிதான் நிறைய இருக்கிறதே, இன்னும் நான்கு மீன் போட்டால் என்ன?" என்பது இக்கடையில் அடிக்கடி காதில் விழும் வாதம். செடிகள் மீன்கழிவிலிருந்து வரும் அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் உறிஞ்சுவது உண்மைதான். ஆனால் அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் போன்று மெல்ல வளர்பவை உறிஞ்சுவது சொற்பம். விளக்கு அணைந்தபின் எல்லாச் செடிகளும் மீன்களைப் போலவே ஆக்சிஜனைச் செலவழிக்கின்றன. ஆகவே நெருக்கமான தொட்டியில் மீன்கள் மேற்பரப்பில் வாய் பிளந்து நிற்பது பெரும்பாலும் விடியற்காலையில்தான். வேகமாக வளரும் ஹார்ன்வோர்ட் செடியை முதலில் கொடுத்து, ஃபில்டரில் கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் நிலைகொண்டு, மீனுக்கு நஞ்சான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியமாகும்வரை நான்கு முதல் ஆறு வாரம் பொறுத்திருந்து வரச் சொல்கிறார். தண்ணீர் மாதிரியைக் கொண்டுவந்தால் சோதித்தும் தருகிறார்.

நம் ஊர் நிலைமைக்கு இந்த எச்சரிக்கை இன்னும் பொருந்தும். 2023-இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது ஒரு வேளைக்கு இரண்டு மணி நேரமோ நான்கு மணி நேரமோ ஃபில்டர்கள் நின்றன. இப்போது அது தணிந்திருந்தாலும் கேபிள் திருட்டும் பழுதும் நின்றபாடில்லை. கோடையில் 30 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் அளவே ஆக்சிஜனைத் தாங்கும். அந்த நேரத்தில் ஃபில்டரும் நின்றால், கூட்டம் குறைந்த தொட்டி தாக்குப்பிடிக்கும், நெரிசலானது தாங்காது. தண்ணீர் விநியோகமும் அப்படியே. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பின் டர்பனுக்கு வடக்கே உள்ள டோங்காட்டில் குழாய்கள் மாதக்கணக்கில் வறண்டு கிடந்தன. வாரந்தோறும் பாதித் தண்ணீரை மாற்றினால்தான் மீன் பிழைக்கும் என்ற நிலையில் தொட்டி வைத்திருப்பவர் அப்படிப்பட்ட நாட்களில் என்ன செய்வார்?

குறைகளும் உண்டு. விற்பனைத் தொட்டிகளில் மீன்கள் மொய்க்கின்றன. அவை எல்லாம் ஒரே பெரிய வடிகட்டித் தொட்டியோடு இணைந்திருப்பதும், மீன்கள் அங்கு சில வாரங்களே தங்குவதும் வாங்குபவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. அந்த நெரிசலே இயல்பு என்ற எண்ணத்தோடுதான் புதியவர்கள் வீடு திரும்புகிறார்கள். இத்தனை விளக்கம் சொல்பவர் அங்கே ஒரு அறிவிப்புப் பலகை மாட்டியிருக்கலாம். தண்ணீர்ச் சோதனைக்குக் காகிதப் பட்டையையே பயன்படுத்துகிறார். நைட்ரேட் லிட்டருக்கு இருபது மில்லிகிராமா நாற்பதா என்பதை அந்த நிறத்திலிருந்து பிரித்தறிவது கடினம், துளிமருந்துச் சோதனை இதைவிடத் தெளிவானது. செடிகளோடு நத்தைகளும் வந்துவிடுகின்றன. விலை, பெரிய வணிக வளாகக் கடைகளைவிடச் சற்றுக் கூடுதல்.

ஆனால் அளவு மீறி வளர்ந்த மீனைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் கடை வேறு எனக்குத் தெரியவில்லை. பணம் தரமாட்டார், மீனை மட்டும் வாங்கிக்கொள்வார். இல்லாவிட்டால் அத்தகைய மீனைச் சிலர் ஆற்றில் விட்டுவிடக்கூடும். குவாசுலு-நட்டாலின் நசெலேனி ஆற்றில் தென்னமெரிக்கப் பிளெக்கோ வகையொன்று பெருகிக் கிடப்பதை அறிந்தவர்களுக்கு இச்சேவையின் மதிப்பு புரியும்.

சனிக்கிழமை காலையில் கூட்டம் நெருக்கும். கேள்விகளுக்கு நிதானமான பதில் வேண்டுமானால் வாரநாளில் போவது மேல். பெரிய வெள்ளியன்று தீமிதிக்குப் போய்விடுவதால் கடை திறப்பதில்லை. ஒவ்வொரு தொட்டியின் மூலையிலும் மீன் வந்திறங்கிய தேதி சுண்ணக்கட்டியால் எழுதப்பட்டிருக்கும். ஒரு வாரமாவது ஆன மீனாகப் பார்த்து எடுங்கள்.