பழைய ரேஸ் கார்: ஒரிஜினலாக்குவதா, மாற்றி ஓட்டுவதா?

வீட்டில் ஓடிய பழைய கார் என்றால் இந்தக் கேள்வி அவ்வளவு சிக்கலில்லை. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில் எப்படி இருந்ததோ அதுதான் ஒரிஜினல். ரேஸ் காரில் இது எடுபடாது. ஒரே சீசனுக்குள் மூக்கு மாறியிருக்கும், இன்ஜின் மாறியிருக்கும், அடிபட்ட பக்கம் புதுத் தகடு ஏறியிருக்கும். அதனால், "ஒரிஜினலாக்கப் போகிறேன்" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, எந்தத் தேதிக்கு என்றுதான்.

போர்ஷே 917-001 இதற்கு நல்ல உதாரணம். ஜெர்மனியின் போர்ஷே நிறுவனம் கட்டிய 917 என்ற ரேஸ் கார் வரிசையின் முதல் கார். 1969 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் வெள்ளை உடம்பும் பச்சை மூக்கும் நீண்ட வாலுமாக நின்றது. அந்த வால்தான் வினை. வேகம் கூடக்கூடக் கார் நிலைகொள்ளாமல் அலைந்தது. ஓட்டுநர்களே அதில் ஏறத் தயங்கினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் ஆஸ்திரியாவின் ஓஸ்டர்ரைஷ்ரிங் தடத்தில் சோதனை ஓட்டம் நடந்தபோது, ஜான் ஹார்ஸ்மன் என்ற பொறியாளர் ஒன்றைக் கவனித்தார். காரின் முன்பக்கம் முழுக்கப் பூச்சிகள் அடிபட்டு ஒட்டியிருந்தன; காரைக் காற்றால் கீழே அழுத்திப் பிடிக்க வேண்டிய பின் ஸ்பாய்லரில் ஒன்றுகூட இல்லை. அதாவது காற்று அந்த இடத்தைத் தொடவே இல்லை. அங்கேயே அலுமினியத் தகட்டை வெட்டி, டேப் ஒட்டி, வாலைக் குட்டையாக்கி மேலே தூக்கினார்கள். கார் அடங்கியது. அந்தக் குட்டை வால் உருவம்தான் 1970-லும் 1971-லும் லெ மான் 24 மணி நேரப் போட்டியை வென்றது.

இப்போது சொல்லுங்கள், 917-க்கு எது ஒரிஜினல்? ஜெனீவாவில் நின்றதா, தகடு ஒட்டிய பிறகு ஜெயித்ததா?

001-இன் கதையில் இன்னொரு முடிச்சும் உண்டு. 1970 வெற்றிக்குப் பிறகு அதற்கும் குட்டை வால் வைத்து, வென்ற காரின் சிவப்பு வெள்ளை நிறத்தைப் பூசி, 23 என்று எண்ணும் போட்டார்கள். உண்மையில் வென்றது 917-023 என்ற வேறு சேஸிஸ், அதாவது வேறு அடிச்சட்டத்தில் கட்டிய வேறு கார். பல்லாண்டுகள் 001 இன்னொரு காரின் உடையில்தான் இருந்தது. 917-இன் 50-ஆம் ஆண்டான 2019-க்காக போர்ஷே மியூசியம் அதை நீண்ட வால், வெள்ளை, பச்சை என்று பழைய உருவத்துக்கே திருப்பியது. அது சரியான முடிவு என்பேன். நீக்கப்பட்டது அந்தக் கார் ஓடிச் சம்பாதித்த வடு அல்ல. திரும்பி வந்ததோ அதற்கு மட்டுமே சொந்தமான முகம். ஆனால் இதே வேலையை 023-இல் யாராவது செய்தால் அது அநியாயம். அந்தக் காரின் குட்டை வாலில்தான் அதன் வாழ்க்கையே இருக்கிறது.

ஒரிஜினலாக்குவதற்கும் மாற்றுவதற்கும் நடுவே, கை வைக்காமல் விடுவது என்று மூன்றாவது வழி இருக்கிறது. நம் ஊர்ப் பட்டறைகளில் இதை யாரும் ஒரு வழியாகவே கணக்கில் எடுப்பதில்லை. பிலடெல்ஃபியாவில் ஃபிரெட் சிமியோன் என்ற நரம்பியல் அறுவை மருத்துவர் தொடங்கிய மியூசியத்தில் ஷெல்பி கோப்ரா டேடோனா கூப்பே என்ற அமெரிக்க ரேஸ் காரின் முதல் கார், சிஎஸ்எக்ஸ்2287, இருக்கிறது. செய்யப்பட்ட ஆறில் அமெரிக்காவிலேயே உடல் கட்டப்பட்டது இது ஒன்றுதான். மற்ற ஐந்துக்கும் இத்தாலியின் மோடெனாவில் உடல் கட்டினார்கள். சிமியோன் நினைத்திருந்தால் அதைக் கண்ணாடிபோல் பளபளக்க வைத்திருக்கலாம். புதுப்பிக்காமல் அப்படியே வைத்தார். அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் 2014-இல் முதலாவதாக இடம்பெற்ற கார் அதுதான்.

இதில் நான் முழுக்க சிமியோன் பக்கம். அவசரத்தில் அடித்த ரிவெட், கோணலான வெல்டிங், தகட்டின் உள்பக்கம் தெரியும் சுத்தியல் தடம் எல்லாம் அந்தக் காரைக் கட்டியவர்களின் கையெழுத்து. பழைய பெயின்டைச் சுரண்டி, பட்டி போட்டுத் தேய்த்து, மூன்று கோட் புதுப் பெயின்ட் அடித்தால் அதெல்லாம் ஒரே வாரத்தில் போய்விடும். அரிய கார்களைக் கெடுத்தது துருவைவிட அதிகமாக இந்த 'முழு ரெஸ்டோரேஷன்' ஆசைதான் என்று நினைக்கிறேன்.

பென்ட்லி நிறுவனத்தின் 'ஓல்ட் நம்பர் ஒன்' என்ற ரேஸ் கார் மீதான வழக்கையும் சொல்லியாக வேண்டும். 1929, 1930 இரண்டு ஆண்டும் லெ மானை வென்ற கார் அது. 1932-இல் 8 லிட்டர் இன்ஜினோடு இங்கிலாந்தின் புரூக்லேண்ட்ஸ் தடத்தில் ஓடியபோது விபத்துக்குள்ளாகி ஓட்டுநர் கிளைவ் டன்ஃபீ இறந்தார். அதன் பிறகு மறுபடி கட்டப்பட்டது. 1990-இல் ஒரு கோடி பவுண்டுக்கு விலை பேசி முடித்தபின், 'இது அந்தக் காரே இல்லை' என்று வாங்க வந்தவர்கள் பின்வாங்க, விவகாரம் லண்டன் நீதிமன்றத்துக்குப் போனது. லெ மானை வென்றபோது இருந்த பாகங்களில் மிகச் சொற்பமே மிஞ்சியிருக்கிறது என்பதை ஏற்றுக்கொண்டும், அது ஓல்ட் நம்பர் ஒன்தான் என்று நீதிபதி தீர்ப்பளித்தார். ரேஸுக்காகப் படிப்படியாக மாறிக்கொண்டே வந்தாலும் கார் இடையில் ஒருநாளும் காணாமல் போகவில்லை என்பதுதான் அதன் அடிப்படை. ஓடிய காலத்தில் நடந்த மாற்றம் காரின் வரலாற்றுக்குள் அடக்கம். இன்று நாம் செய்யும் மாற்றத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

மாற்றி ஓட்டுவோர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. பழைய மக்னீசிய வார்ப்புப் பாகங்கள் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே விரிசல் விட்டிருக்கும். 917-இன் அலுமினியக் குழாய்ச் சட்டத்துக்குள் அழுத்தத்தில் வாயு நிரப்பி வைத்திருந்தார்கள். அழுத்தமானி இறங்கினால் எங்கோ விரிசல் என்று பொருள். புதிதாக இருந்தபோதே அந்த நிலை. ஐம்பது ஆண்டு கழித்து அதே சட்டத்தை நம்பி முழு வேகத்தில் போவது வீரமில்லை. பெட்ரோல் டேங்கின் உள்ளே இருக்கும் ரப்பர் பை, சீட் பெல்ட், தீயணைப்பான், கார் கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் ரோல் கேஜ் கூண்டு ஆகியவற்றில் பழமையைப் பார்க்கவே கூடாது. உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் வரலாற்றுக் கார்களுக்கான அப்பெண்டிக்ஸ் கே விதிகளும் கார் அதன் காலத்து அமைப்பில் இருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, பாதுகாப்புச் சாதனங்களை மட்டும் இன்றைய தரத்தில் கேட்கின்றன.

சிக்கல் அதற்கு மேலே போகும்போதுதான். பெரும்பாலும் டயரில் ஆரம்பிக்கும். அகலமான, பிடிப்புள்ள இன்றைய டயரைப் போட்டால் வளைவில் வரும் விசை முழுவதும் சக்கரம் மாட்டும் ஹப்புக்கும் சஸ்பென்ஷன் ஆர்ம் சேஸிஸில் சேரும் இடத்துக்கும் போகும். அவை அந்தக் காலத்து ஒல்லி டயரின் விசைக்குச் செய்யப்பட்டவை. ஹப்பைப் பெரிதாக்கினால் பிரேக்கை மாற்றத் தோன்றும். பிரேக் பிடிக்க ஆரம்பித்ததும் சேஸிஸுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு பழைய இன்ஜின் சோதாவாகத் தெரியும். கடைசியில் பழைய பெயரில் ஒரு புதுக் கார் நிற்கும், செலவும் ஒரிஜினலாக்குவதைவிடக் குறைந்திருக்காது.

நம் பக்கத்துக் கார்களுக்கு இந்தக் கணக்கு தலைகீழ். சென்னைக்கு அருகே சோழவரம் விமானத் தளத்தில் நடந்த ரேஸ்களில் ஓடிய ஃபியட்டும் ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் ரோட்டுக் கார்களாகப் பிறந்து பட்டறையில் ரேஸ் கார்களானவை. வெளிநாட்டுப் பாகங்கள் எளிதில் கிடைக்காத காலத்தில் மெக்கானிக்குகள் இருப்பதை வைத்தே, இன்ஜின் வலு கூட அதன் ஹெட்டைச் சீவி, எடையைக் குறைத்து ஓட்டினார்கள். அப்படி ஒரு ஃபியட் கிடைத்து, அதை ஷோரூம் நிலைக்குத் திருப்பிக் குரோம் பம்பரும் பின் சீட்டும் போட்டால், பார்க்க அழகாக இருக்கும். சோழவரம் மட்டும் அதில் இருக்காது. அங்கே மாடிஃபிகேஷன்தான் ஒரிஜினல்.

ஃபார்முலா மாருதிக்கு வேறு யோசனை. கோயம்புத்தூர் கரிவரதன் குழாய்ச் சட்டம் கட்டி, மாருதி 800-இன் மூன்று சிலிண்டர் 796 சிசி இன்ஜினை வைத்து உருவாக்கிய கார் அது. நரேன் கார்த்திகேயன் உள்படப் பலர் ரேஸ் பழகியது அதில்தான். எல்லோருக்கும் ஒரே இன்ஜின், வித்தியாசம் ஓட்டுபவர் கையில் என்பதுதான் அதன் சிறப்பு. ரேஸில் ஓடியதற்கு ஆதாரமுள்ள கார் கிடைத்தால் பெரிய இன்ஜின் ஆசையை விட்டுவிட்டு 796 சிசியிலேயே வையுங்கள். பாகங்கள் கிடைப்பதும் சுலபம். அடையாளம் எதுவும் இல்லாத வெறும் சட்டமாகக் கிடைத்தால், தாராளமாக மாற்றி டிராக்கில் ஓட்டுங்கள்.

எந்த வழியில் போனாலும், ஒரு நட்டைக் கழற்றுமுன் காரை முழுக்கப் படம் எடுங்கள். புதிதாகச் சேர்ப்பதை வெல்டிங் செய்யாமல் போல்ட்டில் மாட்டுங்கள். கழற்றிய பாகம் உடைந்திருந்தாலும் காயலான் கடைக்குப் போடாமல் சீட்டு எழுதிப் பெட்டியில் வைத்து, காரை விற்கும் நாளில் அந்தப் பெட்டியையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.