தட்டுக்கு எவ்வளவு முன்னால் சுடுவது? மூன்று வழிகளும் ஒரு தீர்ப்பும்

டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் பறக்கும் களிமண் தட்டைத் துப்பாக்கியால் சுடப் பழகும் நம் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "தட்டுக்கு எவ்வளவு முன்னால சுடணும், அண்ணே?"

கேள்வி நியாயமானது. 30 மீட்டர் தூரத்தில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு தட்டு குறுக்கே பறந்தால், தோட்டாவிலிருந்து கிளம்பும் ரவைகள், அதாவது சிறு குண்டுகள், அங்கே போய்ச் சேர ஏறக்குறைய பத்தில் ஒரு நொடி ஆகும். அதற்குள் தட்டு ஒன்றரை மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். இந்த இடைவெளியை எப்படிப் பிடிப்பது என்பதில்தான் மூன்று வழிகளும் போட்டி போடுகின்றன.

துரத்திக் கடப்பது முதல் வழி. தட்டுக்குப் பின்னால் துப்பாக்கியைத் தொடங்கி, அதன் பாதையிலேயே ஓட்டி, தாண்டும்போது ட்ரிக்கரை இழுக்க வேண்டும். டிராப் என்ற போட்டி வகையில் தட்டு நம்மை விட்டு விலகித்தான் போகும், கோணமும் குறுகல் என்பதால் அங்கே இது இயல்பாக வரும். ஆனால் இடைவெளியைத் தீர்மானிப்பது கையின் வேகம். பதற்றமான நாளில் கை வேகம் மாறும், கூடவே இடைவெளியும் மாறிவிடும்.

இரண்டாவது, தொடக்கம் முதலே தட்டுக்கு முன்னால் நின்று, அதே வேகத்தில் போவது. ஸ்கீட் என்ற போட்டி வகைக்கு இது நன்றாகப் பொருந்தும். அங்கே தட்டின் பாதை மாறுவதில்லை, சுடுபவர் நிற்கும் 8 நிலையங்களுக்கும் இடைவெளியை மனப்பாடம் செய்துவிடலாம். ஆபத்தும் அங்கேதான். இடைவெளி சரியா என்று பார்க்கக் கண் தட்டை விட்டுக் குழல் நுனிக்கு வரும். வந்ததும் துப்பாக்கி நின்றுவிடும், ரவை தட்டுக்குப் பின்னால் போகும். புதியவர்களைப் பக்கத்தில் நின்று பாருங்கள்: ட்ரிக்கரை இழுப்பதற்குச் சற்று முன் இடது கை உறைந்துபோகும், கன்னமும் துப்பாக்கியின் பின்கட்டையை விட்டு மெல்ல எழும்பும்.

மூன்றாவது, சேர்ந்து போய் விலகுவது. கட்டை கன்னத்துக்கு வரும்போதே குழல் தட்டின் மேல் இருக்கும். கொஞ்ச தூரம் கூடவே போய், பிறகு முன்னே இழுத்துச் சுட வேண்டும். இது கொஞ்சம் மெதுவானது, அவசர ஜோடித் தட்டுகளில் நேரம் போதாது. ஆனாலும் தட்டுகள் பலவிதக் கோணத்திலும் வேகத்திலும் வரும் ஸ்போர்ட்டிங் வகையைப் பழகுபவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். தட்டின் வேகத்தை முதலில் கை உணர்ந்துவிடுகிறது, கண் தட்டை விட்டு அலைய வேலையே இல்லை. ஸ்கீட் மட்டும் சுடுபவர் இரண்டாவது வழியில் இருக்கட்டும், டிராப்புக்கு முதலாவது போதும்.

மனதை ஒருமுகப்படுத்துவதும் இந்தக் கண்ணோடு சேர்ந்த விஷயம்தான். உயர்மட்ட ஷாட்கன் (ரவைத் துப்பாக்கி) வீரர்கள் தட்டை முன்கூட்டியே கண்ணால் பிடித்து, அதன் மேல் பார்வையை நீண்ட நேரம் நிறுத்துகிறார்கள் என்று 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. மூச்சுப் பயிற்சி, தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் ஊக்கச் சொல் எல்லாம் நல்லதுதான். ஆனால் தட்டின் விளிம்பைத் தெளிவாகப் பார்க்காத வரை அவற்றால் பெரிதாகப் பயன் இல்லை.

இன்னொன்று, மதிப்பெண் எண்ணுவதா, ஒவ்வொரு தட்டாகப் பார்ப்பதா? 25 தட்டுச் சுற்றில் 22 வரை விடாமல் அடித்துவிட்டு, மிச்சம் மூன்றைப் பற்றி யோசித்தே அவற்றைத் தவறவிடுபவர்கள் உண்டு. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரே வரிசையை வைத்துக்கொள்ளுங்கள்: எங்கே உடைப்பது, குழல் எங்கே காத்திருப்பது, கண் எங்கே காத்திருப்பது. அப்புறம்தான் தட்டை விடச் சொல்லும் அழைப்பு. ஒலிம்பிக் ஸ்கீட்டில் அழைத்த பிறகு தட்டு வர 3 நொடி வரை தாமதமாகலாம், அந்தக் காத்திருப்பில் இந்த வரிசைதான் கைகொடுக்கும்.

மலையிலிருந்து சூடான பெர்க் காற்று இறங்கும் நாளில் முதலில் நின்று சில தட்டுகளைப் பாருங்கள். எதிர்க்காற்று தட்டைத் தூக்கும், பின்காற்று அமுக்கும்.

வீட்டில் பழக, காலித் துப்பாக்கிதான் என்று இருமுறை சரிபார்த்து, தோட்டாக்களை வேறு அறையில் பூட்டிவிட்டு, சுவரும் கூரையும் சேரும் கோட்டை ஒட்டிக் குழலை ஓட்டுங்கள். கோடு விலகாமல், தலை அசையாமல் கட்டை கன்னத்துக்கு வர வேண்டும். தினம் பத்து நிமிடம் போதும்.