டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு: எக்ஸ்பி கொடுக்கும் அந்த இரண்டு பக்கங்கள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது ஆளுக்கொரு கேரக்டராக இருந்து, டைஸ் உருட்டிக் கதையை நகர்த்தும் மேஜை விளையாட்டு. அதன் ஐந்தாம் பதிப்பில், ஆட்டத்தை நடத்துபவருக்கான கையேடான டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு 2014-ல் வந்தது. அதைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே எல்லோரும் மாயப் பொருட்களின் பட்டியலுக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அதில் ரொம்பப் பிடித்தது எட்டாம் அத்தியாயத்தில் எக்ஸ்பி கொடுப்பதைப் பற்றி வரும் சின்னப் பகுதி. எக்ஸ்பி என்றால் அனுபவப் புள்ளி, அது சேரச் சேரக் கேரக்டரின் லெவல் ஏறும். சேலம் அழகாபுரத்தில் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிறு சாயங்காலம் ஆடுகிறோம், நான் டிஎம், அதாவது கதையையும் எதிரிகளையும் நடத்தும் டன்ஜன் மாஸ்டர். எங்கள் மேஜை இன்று ஆடும் விதத்துக்கு அந்தப் பகுதிதான் காரணம் என்று நினைப்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. ஒவ்வொரு மான்ஸ்டருக்கும் ஒரு மதிப்பு உண்டு. கோப்ளினுக்கு 50, ஆக்ருக்கு 450, ட்ரோலுக்கு 1,800. சண்டை முடிந்ததும் மொத்தத்தைக் கூட்டி, பங்கெடுத்தவர்களுக்குச் சமமாகப் பிரிக்க வேண்டும். 300 சேர்ந்தால் இரண்டாம் லெவல், 900-க்கு மூன்றாவது, 2,700-க்கு நாலாவது, 6,500-க்கு ஐந்தாவது. முதல் இரண்டு லெவல்கள் சட்டென்று கடந்துவிடும், அதற்கப்புறம் ஏற்றம் மெதுவாகிறது. பத்திலிருந்து பதினொன்றுக்குப் போக 21,000 வேண்டும், ஆனால் பதினொன்றிலிருந்து பன்னிரண்டுக்கு 15,000 போதும். அட்டவணையை முதலில் பார்க்கிறவர்கள் அச்சுப்பிழை என்று நினைப்பார்கள். பிழை இல்லை, மேல் லெவல்களில் ஆட்டம் தேங்கிவிடாமல் இருக்க அப்படி வைத்திருக்கிறார்கள்.

புதிய டிஎம்கள் தடுமாறும் ஒரு இடம் இருக்கிறது. நாலு கோப்ளின் என்றால் மொத்தம் 200. ஆனால் மூன்றிலிருந்து ஆறு எதிரிகள் சேர்ந்து வந்தால் அதை இரண்டால் பெருக்கச் சொல்கிறது புத்தகம், 400 ஆகிவிடும். முதல் லெவலில் இருக்கும் நாலு பேருக்கு 400 என்பது உயிர் போகக்கூடிய சண்டை. இந்தப் பெருக்கல் சண்டை எவ்வளவு கடினம் என்று எடை போட மட்டும்தான். கொடுக்கும்போது பழைய 200 தான், தலைக்கு 50. கடினத்தை எடை போடும் கணக்கு மூன்றாம் அத்தியாயத்தில், பரிசு கொடுக்கும் விதி எட்டாம் அத்தியாயத்தில், லெவல் அட்டவணை ஆட்டக்காரர் கையேட்டில், மான்ஸ்டரின் மதிப்பு இன்னொரு புத்தகத்தில். அங்கேயும் இங்கேயும் புரட்டுவதற்குள் சூடாக வைத்த தட்டுவடை செட்டு தீர்ந்துவிடும். 2024-ல் வந்த புதிய பதிப்பில் அந்தப் பெருக்கலை எடுத்தேவிட்டார்கள். நல்ல காரியம்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். மான்ஸ்டரைத் 'தோற்கடித்தால்' எக்ஸ்பி என்று சொல்லும் இடத்தில், கொல்வதோடு விரட்டுவதையும் சிறைபிடிப்பதையும் சேர்த்தே புத்தகம் குறிப்பிடுகிறது. சண்டையே இல்லாத சவாலுக்கும், தோற்கும் ஆபத்து நிஜமாகவே இருந்தால், அதே அளவு கடினமான சண்டைக்குரிய புள்ளியைக் கொடுக்கலாம் என்கிறது. பலர் இந்த வரிகளைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அப்புறம் கண்ணில் பட்டதையெல்லாம் வெட்டித் தள்ளும் பார்ட்டியை, அதாவது கேரக்டர்களின் குழுவை, வைத்துக்கொண்டு, 'யாரும் ரோல்பிளே பண்ண மாட்டேங்கிறாங்க', கேரக்டராகவே பேசி நடிப்பதில்லை என்று வருத்தப்படுகிறார்கள். வெட்டினால்தான் லெவல் ஏறும் என்றால் அவர்கள் வேறு என்னதான் செய்வார்கள்?

எங்கள் கதை ஏற்காட்டைப் போன்ற ஒரு மலையில் நடக்கிறது. கொண்டை ஊசி வளைவுகள், காபித் தோட்டம், கரடிக் குகையை நினைவுபடுத்தும் ஒரு குறுகலான பொந்து. காபி மூட்டைகளைக் கடத்திய நாலு கோப்ளின்கள் அதற்குள் இருந்தன. எங்கள் ரோக் (திருட்டுத்தனத்தில் கைதேர்ந்தவன்) கேரக்டரை ஆடுவது செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை நடத்தும் தம்பி. ஒரு கோப்ளின் காலில் கனமான வெள்ளிக் கொலுசு போட்டிருக்கிறது என்று நான் வர்ணனையில் போகிற போக்கில் சொன்னேன். அவன் அதைப் பிடித்துக்கொண்டான். "நடக்கும்போது சத்தம் எப்படிக் கேக்குது அக்கா?" என்றான். மந்தமாகக் கேட்கிறது என்றேன். உடனே கோப்ளினைப் பார்த்துப் பேச ஆரம்பித்துவிட்டான்: "இது வெள்ளி இல்ல, பித்தளைக்கு முலாம். உங்க தலைவன் உங்களை ஏமாத்திட்டான். அந்த மூட்டைய விட்டுடுங்க, நெஜ வெள்ளி நான் தர்றேன்." பேச்சு பலிக்கப் பதினைந்து தேவை என்று சொல்லிவிட்டு டைஸை உருட்டச் சொன்னேன். சேர்க்க வேண்டியதைச் சேர்த்ததும் பதினேழு வந்தது. தவறியிருந்தால் அந்த இடுக்கில் நாலு கத்திகளுக்கு நடுவே மாட்டியிருப்பார்கள்.

கோப்ளின்கள் மூட்டையை விட்டுவிட்டுத் தலைவனைத் தேடிப் போயின. ஃபைட்டர் ஆடும் கல்லூரிப் பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "அக்கா, நாம யாரையும் அடிக்கலையே, எக்ஸ்பி உண்டா?" தலைக்கு 50 என்றேன், அடித்திருந்தால் கிடைத்திருக்கும் அதே 50. பென்சிலால் ஷீட்டில் எழுதிக்கொண்டார்கள். அதற்கப்புறம் எங்கள் மேஜையில் எந்த எதிரி வந்தாலும் முதல் கேள்வி 'இவனுக்கு என்ன வேணுமாம்?' என்றுதான் வருகிறது. இதற்காக நான் உபதேசம் எதுவும் செய்யவில்லை.

பழைய பதிப்புகள் இதை வேறு வழியில் சாதித்தன. 1981-ன் பேசிக் விதிகளில் ஒரு கோப்ளினுக்கு வெறும் 5 புள்ளி, ஆனால் ஃபைட்டர் இரண்டாம் லெவல் போக 2,000 வேண்டும். பத்திரமாக வெளியே கொண்டுவந்த ஒவ்வொரு பொற்காசும் ஒரு எக்ஸ்பி. அதனால் சண்டையைத் தவிர்த்துப் புதையலோடு நழுவுகிறவன்தான் கெட்டிக்காரன். அருமையான ஏற்பாடு. ஆனால் ஊரைக் காப்பாற்றும் கதைக்கு அது பொருந்தாது. அங்கே புள்ளிக்காகக் கிராமத்துக் கோயில் உண்டியலையே நோட்டம் விடுவார்கள்.

எக்ஸ்பியே இல்லாமல், சில செஷனுக்கு ஒருமுறையோ கதையில் ஒரு கட்டம் முடிந்ததும் மொத்தமாகவோ லெவல் ஏற்றும் வழியையும் புத்தகம் தருகிறது. பள்ளி விடுமுறைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சரி. என் ஆட்டக்காரர்களுக்கு ஒவ்வொரு வாரமும் எண் கூடுவதைப் பார்க்க வேண்டும். அந்தச் சந்தோஷத்தை நான் ஏன் பறிக்க வேண்டும்?

வராதவர்கள் விஷயத்தில் மட்டும் நான் புத்தகத்தோடு ஒத்துப்போகவில்லை. பங்கெடுத்த சண்டைக்குத்தான் புள்ளி, வராதவருக்குப் பொதுவாக இல்லை என்கிறது, விரும்பினால் கொடுக்கலாம் என்றும் சேர்த்துக்கொள்கிறது. எங்கள் விசர்டை, அதாவது மந்திரவாதியை, ஆடுவது ஸ்டீல் பிளான்ட்டில் ஷிப்ட் பார்க்கும் அண்ணன். ஞாயிறு டூட்டி விழுந்தால் அவர் என்ன செய்வார்? ஐந்தாம் லெவலில் ஃபைட்டருக்கு ஒரே முறையில் இரண்டாவது அடி கிடைக்கிறது, விசர்டுக்கு ஃபயர்பால் மந்திரம் கைக்கு வருகிறது. அந்த நேரத்தில் ஒருவர் மட்டும் நாலில் நின்றால் மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். நான் எல்லோருக்கும் ஒரே எண் கொடுக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் அவரே போன் செய்து "இந்த வாரம் எவ்வளவும்மா?" என்று கேட்டு எழுதிக்கொள்வார்.

நன்றாக நடித்தவருக்குத் தனி எக்ஸ்பி கொடுக்கும் பழக்கம் சில மேஜைகளில் உண்டு. வேண்டாம் என்பேன். கூச்ச சுபாவம் உள்ளவர்கள் மாதக்கணக்கில் பின்தங்கிப் போவார்கள். அதற்கென்றே இன்ஸ்பிரேஷன் இருக்கிறது. ஒரு உருட்டலுக்கு இரண்டு டைஸ், நல்லதை எடுத்துக்கொள்ளலாம், அதோடு தீர்ந்தது.

புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் உடனே இந்தக் கைடை வாங்க வேண்டியதில்லை. இலவசமாகக் கிடைக்கும் ஐந்தாம் பதிப்பு பேசிக் ரூல்ஸ் பிடிஎஃப்பில் லெவல் அட்டவணையும் மான்ஸ்டர் மதிப்புகளும் இருக்கின்றன, ஜெராக்ஸ் கடையில் அந்தப் பக்கங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் முதல் சில மாதங்கள் ஓடிவிடும். நீளமான கேம்பெயின் (பல வாரம் தொடரும் கதை) நடத்தும் எண்ணம் வந்ததும் கைடை வாங்குங்கள், வாங்கிய கையோடு எட்டாம் அத்தியாயத்தைத் திறந்து, சண்டையில்லாச் சவால் பற்றிய பத்தியை உங்கள் ஆட்டக்காரர்களுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள்.