படப்பிடிப்பின் பின்புறம் பார்க்க: ராமோஜியா, ஏவிஎம்மா, திருவல்லமா?

முட்டம் கடற்கரையிலோ மாத்தூர் தொட்டிப்பாலத்திலோ படப்பிடிப்பை வேடிக்கை பார்த்தவர்கள் நம் குமரி மாவட்டத்தில் ஏராளம். ஆனால் கயிற்றுக்கு இப்பால் நின்று ஜெனரேட்டர் வண்டியின் இரைச்சலைக் கேட்டதும், நடிகரின் தலைக்கு மேல் யாரோ பிடித்திருந்த குடையைக் கண்டதுமே மிச்சம். ஒரு காட்சி எப்படி உருவாகிறது என்பதைக் காண நாகர்கோவிலிலிருந்து போகக்கூடிய இடங்கள் மூன்று.

ஐதராபாத்தை அடுத்த ராமோஜி பிலிம் சிட்டி 1996-ல் தொடங்கப்பட்டது. சுமார் 1,666 ஏக்கரில் பரந்த இவ்வளாகம் உலகின் மிகப் பெரிய ஸ்டுடியோ வளாகமாகக் கின்னஸில் இடம்பெற்றது. விமான நிலையம், ரயில் நிலையம், சிறைச்சாலை என்று வரிசையாக நிற்கும் செட்டுகளைப் பேருந்தில் ஏற்றிக் காட்டுகிறார்கள். பத்மநாபபுரம் அரண்மனையின் மரவேலையைப் பார்த்து வளர்ந்த நமக்கு, கருங்கல்லாகத் தெரியும் செட்டுத் தூணைத் தட்டியதும் வெற்றோசை எழுவது ஒரு பாடமாகவே அமையும். பார்வையாளர் ஒருவரை மேடையேற்றி வண்டியில் உட்காரவைத்துப் படம்பிடித்து, ஓசைகளைத் தனியே சேர்த்து, சற்று நேரத்தில் திரையில் ஓடவிடும் காட்சிதான் அங்கே உண்மையில் பின்புறத்தைக் காட்டுவது. குதிரைக் குளம்பொலிக்குச் சிரட்டைகளைத் தட்டுவது இத்தொழிலின் பழைய உத்தி என்பதால், சிரட்டையை அடுப்பெரிக்க மட்டுமே கண்ட நம் பிள்ளைகளுக்கு இந்த ஒலிச் சேர்ப்பு எளிதில் விளங்கும். எனினும் நாளின் பெரும்பகுதி ராட்டினங்களிலும் ஆடல் நிகழ்ச்சிகளிலும் கரைந்துவிடுகிறது. திருவனந்தபுரம் சென்று சபரி எக்ஸ்பிரஸில் ஏறினால் பயணத்துக்கே ஒரு நாளுக்கு மேலாகும். குடும்பத்தோடு நாலைந்து நாள் ஒதுக்க முடிந்தால் மட்டுமே இது பொருந்தும்.

சென்னை வடபழனியில், ஏவிஎம் வளாகத்தில் 2023-ல் திறக்கப்பட்ட பாரம்பரிய அருங்காட்சியகம் இதற்கு நேர்மாறானது. இங்கே ஆரவாரமில்லை, பழைய கேமராக்களும் விளக்குகளும் ஒலிக்கருவிகளும், படங்களில் ஓடிய வாகனங்களும் பழங்காலக் கார்களும் அமைதியாக நிற்கின்றன. 1945-ல் தொடங்கி, காரைக்குடியில் படமெடுத்து, 1948-ல் சென்னைக்கு இடம்பெயர்ந்த ஒரு நிறுவனத்தின் கருவிகள் இவை. படச்சுருள் ஓடிய கேமராவின் கனத்தை நேரில் பார்த்தால், அந்நாளில் கேமராவை நகர்த்தும் ஒவ்வொரு ஷாட்டுக்கும் எத்தனை கைகள் வேண்டியிருந்திருக்கும் என்பது தானே புரியும். ஒளிப்பதிவு படிக்க விரும்பும் பிள்ளைக்கு நான் சொல்லுவது இதைத்தான். மாலையில் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் ஏறினால் மறுநாள் காலையில் சென்னை. அரை நாளில் பார்த்துவிடலாம். சின்னக் குழந்தைகளோ, கால்மணி நேரத்தில் சலித்துவிடுவார்கள்.

மூன்றாவது, நாகர்கோவிலிலிருந்து 70 கிலோமீட்டருக்குள், திருவனந்தபுரத்தை அடுத்த திருவல்லத்தில் இருக்கும் சித்ராஞ்சலி ஸ்டுடியோ; கேரள மாநிலத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துக்குச் சொந்தமானது. போகும் வழியிலுள்ள நேமத்தில் 1951-ல் மெரிலாண்ட் ஸ்டுடியோவைத் தொடங்கிய பி. சுப்பிரமணியம் நாகர்கோவில்காரர் என்பதையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. சித்ராஞ்சலி வேடிக்கைக்காகக் கட்டப்பட்டதன்று, வேலை நடக்கும் இடம். ஆகவே அன்று என்ன நடக்கிறதோ அதுதான் கண்ணில் படும். சில நாள் வெறும் தளமும் கட்டி முடியாத தட்டிகளுமே இருக்கலாம். கல்லூரிக் குழுவாகப் போக நினைப்பவர்கள் முன்கூட்டியே கடிதம் எழுதி, அனுமதி கைக்கு வந்த பிறகு வேன் பேசுவது நல்லது.