ஃபோல்டா, அல்ட்ராவா? ஸ்கேல் வைத்து அளந்து பார்த்ததில்

என் மச்சான் பத்திர எழுத்தர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே கடை போட்டிருக்கிறான். போன மாதம் வீட்டுக்கு வந்தவன், புதிதாக வாங்கிய மடிக்கும் போனை, சாம்சங் கேலக்ஸி இசட் ஃபோல்டு 7-ஐ, மேசை மேல் விரித்து வைத்தான். "மாமா, 8 இன்ச். உங்க போன்ல இதெல்லாம் வருமா?" என்னிடம் இருப்பது அதே சாம்சங்கின் மடங்காத எஸ்25 அல்ட்ரா, 6.9 அங்குலம். பையனின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து ஸ்கேலை எடுத்து வந்தேன்.

இரண்டிலும் ஒரே படத்தை ஓடவிட்டோம். தியேட்டருக்கென்று எடுத்த ஸ்கோப் படம். உயரத்தைப் போல அகலம் 2.35 மடங்கு. அவன் போனில் காட்சியின் அகலம் சுமார் 15 செ.மீ., உயரம் 6.4. என் போனில் கிட்டத்தட்ட 16-க்கு 6.8. அறிமுக விலையில் 45,000 ரூபாய் கூடுதல் உள்ள போனில் படம் சின்னதாகத் தெரிகிறது! மச்சான் ஸ்கேலைப் பிடுங்கி மறுபடி அளந்தான். விஷயம் இதுதான்: விரித்த ஃபோல்டு கிட்டத்தட்ட சதுரம். அகலமான படத்தைப் போட்டால் மேலும் கீழும் கறுப்புப் பட்டைதான் இடத்தைச் சாப்பிடுகிறது. கிரிக்கெட், யூடியூப் போன்ற 16:9 காட்சி என்றால் கதை மாறும். அங்கே ஃபோல்டில் படம் மூலைக்கு மூலை 6.8 அங்குலம், அல்ட்ராவில் 5.9 தான். ஆக, "பெரிய திரையில் சினிமா பார்க்கலாம்" என்பதற்காக மட்டும் ஃபோல்டு வாங்குவதாக இருந்தால் வேண்டாம்.

சரி, தோற்றுவிட்டான் என்று நினைத்தேன். அவன் ஒரு பழைய கிரயப் பத்திரத்தின் ஸ்கேனைத் திறந்தான். ஏ4 பக்கம், அகலம் 21 செ.மீ. ஃபோல்டில் முழுப் பக்கமும் ஒரே பார்வையில் தெரிகிறது, அகலம் 10 செ.மீ.க்குச் சற்று மேல். எழுத்து அசலில் பாதி அளவு. சர்வே எண், நான்கு எல்லை எல்லாம் படிக்க முடிகிறது. என் போனில் 7.3 செ.மீ.தான். எழுத்து மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கி எறும்பு வரிசை போல இருக்கிறது. போனைப் படுக்கப் போட்டால் எழுத்து பெரிதாகும், ஆனால் பக்கத்தில் மூன்றில் ஒரு பங்குதான் கண்ணில் படும். இடப்பக்கம் மூலப் பத்திரம், வலப்பக்கம் வில்லங்கச் சான்று என்று இரண்டையும் அருகருகே வைத்து அவன் ஒப்பிட்டுக் காட்டியபோது, எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

கனமும் தடிமனும் இனி பேச்சே இல்லை. 2019-இல் வந்த முதல் கேலக்ஸி ஃபோல்டை மடித்தால் செங்கல் மாதிரி இருக்கும், வெளித்திரையோ 4.6 அங்குலம், அதில் தமிழில் தட்டச்சு செய்வதற்குள் விரல் நொந்துவிடும். இப்போது ஃபோல்டு 7-இன் எடை 215 கிராம். என் அல்ட்ரா 218. மடித்தால் 8.9 மி.மீ., என்னுடையது 8.2. வெளித்திரை 6.5 அங்குலம்; மூடியே வைத்திருந்தால் சாதாரண போன்தான். எனக்கே கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

ஆனால் உள்திரை என்னும் சமாச்சாரம் இருக்கிறதே! மேலே இருப்பது கண்ணாடி இல்லை, பிளாஸ்டிக் படலம். அதற்குக் கீழேதான் வளையும் மெல்லிய கண்ணாடி. முதல் ஃபோல்டு வந்தபோது சில விமர்சகர்கள் அந்தப் படலத்தை ஸ்கிரீன் கார்டு என்று நினைத்து உரித்துவிட, திரையே போயிற்று. வெளியீட்டை ஏப்ரலிலிருந்து செப்டம்பருக்குத் தள்ள வேண்டியதாயிற்று. இப்போது எவ்வளவோ தேறிவிட்டது. 5 லட்சம் முறை மடித்துச் சோதித்ததாகச் சாம்சங் சொல்கிறது. நாளுக்கு நூறு தடவை என்றாலும் பதின்மூன்று வருடத்துக்கு மேல் வரும் கணக்கு. என் பயம் மடிப்பில் இல்லை, தூசியில். தூசியும் தண்ணீரும் புகாமல் தாங்குவதற்கான இதன் தரச்சான்று ஐபி48. அந்த 8 தண்ணீருக்கு. 4 என்றால் ஒரு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட துகள் மட்டும் உள்ளே போகாது. மெரினா மணல் பெரும்பாலும் அதைவிடப் பொடி. அல்ட்ரா ஐபி68, தூசி நுழையாது. கூகுளின் பிக்ஸல் 10 புரோ ஃபோல்டு மடிக்கும் போனிலேயே ஐபி68 வாங்கியிருக்கிறது, ஆனால் எடை 258 கிராம்.

மச்சான் இதற்கு முன் வைத்திருந்த மடிக்கும் போனில் (கம்பெனி பெயர் வேண்டாம்) ஒன்றரை வருடத்தில் மடிப்பு ஓரமாகப் படலம் கொப்புளித்தது. தெருக்கோடி மொபைல் கடையில் ஒட்டித் தர முடியாது என்று கைவிரித்துவிட்டார்கள். சர்வீஸ் சென்டருக்கு இரண்டு நடை, பாதி நாள் வேலை கெட்டது. என் போனுக்கு முந்நூறு ரூபாய் டெம்பர்டு கிளாஸ், ஐந்து நிமிடம்.

கேமராவில் ஃபோல்டு தோற்கும், அதில் சந்தேகம் இல்லை. இரண்டிலும் 200 மெகாபிக்ஸல் முதன்மைக் கேமரா உண்டு. தூரத்தை இழுப்பதில்தான் வித்தியாசம். விரித்தால் 4.2 மி.மீ. தடிமனே உள்ள உடம்பில் அல்ட்ராவில் இருப்பது போன்ற 5 மடங்கு ஜூம் லென்ஸை எங்கே திணிப்பது? 3 மடங்கோடு நிறுத்திவிட்டார்கள். பள்ளி ஆண்டு விழாவில் கடைசி வரிசையில் உட்கார்ந்து மகனைப் படம் எடுக்கும் அப்பாக்களுக்கு இது போதாது. பதிலுக்கு ஃபோல்டைப் பாதி மடித்துத் தரையில் வைத்தால் அதுவே ஸ்டாண்டு. குடும்பப் படத்துக்கு யாரும் வெளியே நிற்க வேண்டியதில்லை.

பேட்டரி ஃபோல்டில் 4400 எம்ஏஎச், அல்ட்ராவில் 5000; சார்ஜிங் 25 வாட்டுக்கு 45. பெரிய திரைக்குச் சின்ன பேட்டரி. மச்சான் கடையில் சார்ஜர் எப்போதும் சொருகியே இருக்கும். சிப் இரண்டிலும் ஒன்றே, ஏழு வருட அப்டேட்டும் ஒன்றே. திரையில் எழுதும் பேனா அல்ட்ராவில் இருக்கிறது, ஃபோல்டு 7-இல் அந்த வசதியையே எடுத்துவிட்டார்கள். எழுத இடம் உள்ள போனில் பேனா இல்லை என்பது என்ன நியாயமோ.

அறிமுக விலை ஃபோல்டு 1,74,999 ரூபாய், அல்ட்ரா 1,29,999. மிச்சப் பணத்தில் ஒரு நல்ல டேப்லெட்டே வாங்கலாமே என்று கேட்டேன். "வாங்கலாம் மாமா. ரிஜிஸ்டர் ஆபீஸ் வரிசையில நிக்கும்போது அது வீட்ல இருக்கும்" என்றான்.

பேசித் தீரவில்லை. சிம்மை மாற்றிப் போட்டுக்கொண்டு ஒரு வாரம் போன்களை மாற்றி வைத்துப் பார்ப்பது என்று முடிவானது. முதல் நாள் நான் எதற்கெடுத்தாலும் விரித்தேன். வாட்ஸ்அப்புக்குக்கூட விரித்தேன். இரண்டாம் நாள் இ-பேப்பருக்கு மட்டும். மூன்றாம் நாள், பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்திருந்தபோதுதான் கவனித்தேன், காலையிலிருந்து அதைத் திறக்கவே இல்லை. மணி பத்தரை இருக்கும், மச்சான் கூப்பிட்டான்.

"மாமா, போனைக் கொண்டாந்து குடுத்துடுங்க. நமக்கு டோக்கன் பன்னெண்டு, இப்ப எட்டு ஓடுது."