சக்கர நாற்காலியில் நட்சத்திரம் பார்க்க: வயநாடா, பெஞ்சா, ஏலகிரியா?

காட்டுக்குள் மரவீடு வேண்டும், ராத்திரி நட்சத்திரம் தெரிய வேண்டும், சக்கர நாற்காலியும் உள்ளே போக வேண்டும். இப்படித் தேடினால் நமக்குக் கைக்கு எட்டுகிற இடங்கள் மூன்று. வயநாட்டு மரவீடுகள், மகாராஷ்டிர - மத்தியப் பிரதேச எல்லையில் இருக்கும் பெஞ்ச் காடு, அப்புறம் ஏலகிரியில் தங்கிக்கொண்டு, வானோக்ககம் இருக்கும் ஜவ்வாது மலைக் காவலூர் பக்கம் போய்வருவது. மூன்றாவதை நான் சொல்வது மரவீட்டுக்காக அல்ல, தரைவீட்டுக்காக. இருந்தும் என் ஓட்டு அதற்குத்தான்.

முதலில் ஏறுகிற கணக்கு. சாய்தளத்துக்கு நம் நாட்டு வழிகாட்டு நெறிகள் சொல்லும் சரிவு 1:12. ஓர் அடி உயர 12 அடி நீளம். 20 அடி உயரத்தில் இருக்கும் மரவீட்டுக்கு 240 அடி சாய்தளம் வேண்டும். நடுநடுவே நின்று போகத் தட்டையான மேடைகள் தனி. எந்த விடுதிக்காரர் கட்டுவார்? ஆகவே வயநாட்டில் பெரும்பாலும் மரப்படிதான். வைத்திரிப் பக்கம் தொடக்கத்தில் வந்த மரவீடு ஒன்றில், எதிர்ப்பக்கம் தண்ணீர் நிரப்பி அந்த எடையில் பிரம்புக் கூண்டை மேலே ஏற்றினார்கள். அருமையான யோசனைதான், ஆனால் சக்கர நாற்காலியை மனதில் வைத்துச் செய்ததல்ல.

எங்கள் பெரியம்மாவுக்காக ஒரு விடுதிக்குப் போன் போட்டேன். "அதுக்கென்ன சார், நாலு பசங்க இருக்காங்க, சேரோட தூக்கிடுவாங்க" என்றார் மேலாளர். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த பெரியம்மா, "ராத்திரி ரெண்டு மணிக்கு நான் கீழே இறங்கணும்னா அந்த நாலு பேரையும் யாருடா எழுப்புவா?" என்றார். தூக்கிக்கொண்டு போவது வசதி ஆகாது. தீப்பிடித்தாலோ நெஞ்சு வலித்தாலோ தானாகவோ ஒரே ஒருவர் துணையோடோ வெளியே வர முடியாத அறையில் ஒருவரைப் படுக்க வைக்கவே கூடாது.

வயநாட்டில் ஏற்றுக்கொள்ளக் கூடியது மலைச்சரிவில் கட்டிய மரவீடு. பின்பக்கம் சரிவின் மேட்டிலிருந்து சமதளமாக ஒரு பாலம் உள்ளே போகும். முன்பக்கம் பள்ளத்துக்கு மேலே மர உச்சிகளோடு நிற்கும். ஒரு படிகூட ஏறாமல் உயரத்துக்குப் போய்விடலாம். முன்பதிவு செய்யும்போது பாலத்தின் அகலத்தையும் பலகை இடுக்குகளையும் கேளுங்கள். நாற்காலியின் முன்சக்கரம் சின்னது. இடுக்கில் மாட்டினால் உட்கார்ந்திருப்பவர் முன்னால் விழுவார். மழைக்காலத்தில் பலகையில் பாசி பிடித்து வழுக்கும் என்பதும் நினைவிருக்கட்டும். சரிவு என்பதால் மண்சரிவுப் பயமும் சேர்ந்தே வரும். 2024 ஜூலையில் முண்டக்கையும் சூரல்மலையும் பட்டதைப் பார்த்த பிறகு, மழை மாதங்களில் அந்தப் பக்கம் யாரையும் அழைத்துப் போக எனக்கு மனசு வராது.

மழை விட்ட டிசம்பர் முதல் மார்ச் வரை போனாலும் வயநாட்டில் வானம் குறைவுதான். இலைக்கூரை மூடியிருக்கும். தலைக்கு நேர் மேலே கிளைகளுக்கு நடுவே ஒரு துண்டு வானம், அவ்வளவே. பறவைச் சத்தத்தோடு விழிக்க வேண்டுமா, வயநாடு போங்கள். நட்சத்திரத்துக்காக வேண்டாம்.

பெஞ்ச் இதற்கு நேர்மாறு. மகாராஷ்டிரப் பக்கத்துப் பெஞ்ச் புலிகள் காப்பகம் 2024 ஜனவரியில் இந்தியாவின் முதல் இருண்ட வானப் பூங்காவாக, அதாவது செயற்கை வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தி இரவு வானத்தைக் காக்கும் இடமாக, அங்கீகாரம் பெற்றது. அதற்காக வாகோடா, சில்லாரி முதலிய ஊர்களில் நூற்றுக்கும் மேற்பட்ட தெருவிளக்குகளைத் தரையை மட்டும் பார்க்கும்படி மாற்றினார்கள். குளிர்காலத்தில் இலையுதிர் காடு கொஞ்சம் வெளுத்திருக்கும், வானம் துலக்கமாக இருக்கும். ஆனால் மரவீடு என்று விளம்பரம் செய்யும் விடுதிகளைத் தேடினால் மத்தியப் பிரதேசத்தின் துரியா வாயில் பக்கம் போக வேண்டியிருக்கும். அங்கீகாரம் பெற்ற பகுதியோ எல்லைக்கு மகாராஷ்டிரப் பக்கம். காடு ஒன்றுதான், ஆனால் ராத்திரியில் காட்டுச் சாலையில் அங்கும் இங்கும் போய்வர முடியாது. சென்னையிலிருந்து ஜி.டி. எக்ஸ்பிரஸ் நேராக நாகபுரி போகும் என்பது பெரிய வசதி. அங்கிருந்து காரில் இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி யாரும் பேசாத ஒரு விஷயம், கழுத்து. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பவரால் உச்சி வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருக்க முடியாது. ஐந்து நிமிடத்தில் வலிக்கும். அடிவானத்துக்கு மேலே 15 பாகையிலிருந்து (டிகிரி) 45 பாகை வரைதான் அவருக்குச் சுகமான வானம். மரவீட்டில் மறைவது சரியாக அந்தப் பகுதிதான்.

அதனால்தான் காவலூர்ப் பக்கம். வைணு பாப்பு வானோக்ககம் அங்கே இருப்பதற்கு ஒரு காரணம், 12½ பாகை வட அட்சரேகையில் தென்வானமும் நன்றாகத் தெரியும் என்பது. 1986இல் திறந்த 2.3 மீட்டர் தொலைநோக்கி இன்றும் அங்கே இருக்கிறது. அகத்திய நட்சத்திரம் (கனோபஸ்) இங்கே ஏறக்குறைய 25 பாகை உயரம் வரை வரும். பெஞ்சில் 15 பாகையைத்தான் தொடும், அதுவும் நாகபுரி வெளிச்சம் இருக்கும் தெற்குத் திசையில். தென்சிலுவை என்ற நட்சத்திரக் கூட்டம் இங்கே 17 பாகை. பெஞ்சில் அது எட்டே பாகை, மரங்களுக்குப் பின்னால் போய்விடும். பிப்ரவரியில் முன்னிரவில் தெற்கு நோக்கி நாற்காலியைத் திருப்பி நிறுத்தினால், கழுத்தை ஒடிக்காமல் அகத்தியரைப் பார்க்கலாம். மாசி சிவராத்திரி அமாவாசைக்கு முந்தைய ராத்திரி என்பதால் நிலாத் தொல்லையும் இல்லை. எப்படியும் விழித்திருக்கிறவர்களுக்கு இது கூடுதல் லாபம்.

குறைகளும் இருக்கின்றன. ஏலகிரியில் 14 கொண்டை ஊசி வளைவுகள், மேலே கட்டடங்கள் பெருகிவிட்டன, அடிவாரத்து ஜோலார்பேட்டை, வாணியம்பாடி வெளிச்சம் வானத்தைக் கொஞ்சம் தின்னும். பெஞ்சின் கருமை இங்கே கிடைக்காது. வானோக்ககத்தில் பொதுமக்களுக்குச் சனிக்கிழமை அனுமதி உண்டு. போகும் முன் அந்த வாரம் உண்டா என்று கேட்டுவிடுங்கள், படிக்கட்டுகளைப் பற்றியும் விசாரியுங்கள். (கொல்லிமலையில் இருண்ட வானப் பூங்கா அமைப்பதாகத் தமிழக அரசு அறிவித்திருக்கிறது. 70 வளைவுகளைத் தாங்கும் வயிறு இருப்பவர்கள் அதையும் கவனித்து வரலாம்.)

படுத்துக்கொண்டே பார்க்கக்கூடியவர், உடன் இரண்டு பேர் உண்டு, குளிரும் ஒத்துக்கொள்ளும் என்றால் பெஞ்ச். நாலு எட்டு நடக்க முடியும், மரத்தில் ஒரு ராத்திரி தங்கும் ஆசைதான் முக்கியம் என்றால் வயநாட்டின் பாலம் வைத்த மரவீடு. நாற்காலியை விட்டு இறங்காதவருக்கு, தெற்கே திறந்த முற்றம் உள்ள ஏலகிரித் தரைவீடு.

எங்கே போனாலும் பணம் கட்டும் முன் குளியலறைக் கதவில் அளவு நாடாவை வைத்து ஒரு போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். 90 சென்டிமீட்டர் திறப்பு வேண்டும். பல விடுதிகளில் இரண்டரை அடிக் கதவுதான், நிலைச்சட்டம் போக அதுவும் குறையும். உள்ளே நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் வட்டம், கம்மோடு பக்கத்தில் கைப்பிடி, வாசலில் தண்ணீர் தடுக்கும் கல் இல்லாமை. "எல்லாம் வசதியா இருக்கும் சார்" என்று மட்டும் பதில் வந்தால் அடுத்த விடுதிக்குப் போன் போடுங்கள்.