தோடர் மரபுக்கு உதவ: சால்வை வாங்குவதா, புல்வெளிக்குப் பணம் தருவதா?

நீலகிரியில் எருமை வளர்க்கும் பழங்குடியினரான தோடர்களின் மரபுக்கு உதவ நினைப்பவர்கள் முதலில் கைவைப்பது பூத்தையல் சால்வையில்தான். வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூல். வரைபடம் எதுவும் கிடையாது, இழையை எண்ணி எண்ணியே பெண்கள் தைக்கிறார்கள். 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தைத்தவரிடமோ அவர்களின் குழுவிடமோ நேரடியாக வாங்கினால் காசு அந்த வீட்டுக்கே போகும். ஆனால் கடைகளில் இயந்திரப் போலிகளும் உண்டு. பேரம் பேசுவோருக்கு ஒரு சொல்: ஒரு சால்வைக்கு வாரக்கணக்கில் உழைப்பு போகிறது ஐயா!

இன்னொரு வழி, புல்வெளிகளையும் சதுப்புகளையும் மீட்கும் உள்ளூர்க் குழுக்களுக்குப் பணம் தருவது. சீகை (வாட்டில்) மரமும் தைல மரமும் தேயிலையும் புல்வெளியைத் தின்றுவிட்டன. எருமை மேய இடம் குறைந்தது. தோடர்களின் அரைப்பீப்பாய் வடிவக் கோயிலுக்குக் கூரை வேயும் புல் சதுப்பில்தான் வளரும். அது இல்லாவிட்டால் கூரை வேயும் சடங்கும் நின்றுபோகும். பலன் தெரிய ஆண்டுகள் ஆகும், ரசீதைத் தவிர கையில் ஒன்றும் இருக்காது.

சால்வை ஒரு குடும்பத்தின் இந்த மாதச் செலவுக்கு ஆகும், சரி. எனக்கு ஒன்றுதான் முடியும் என்றால் புல்வெளிக்கே தருவேன். தோடர்களே முன்னின்று நடத்தும் வேலையாக இருந்தால் மட்டும்.